தம்பியின் இரண்டு படங்கள்

தம்பி விழுந்த செய்தி ஊர் முழுக்கச் சுற்றிவிட்டுக் கடைசியாகத்தான் என்னிடம் வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சிங்களம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அதிபர் வாசலில் நின்று கையைக் காட்டிக் கூப்பிட்டார். "டீச்சர், உங்க தம்பியை மீன் லொறியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்களாம்" என்றார். ஏன், எங்கே என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. வெண்கட்டியை மேசையில் வைத்துவிட்டு இறங்கி நடந்தேன். கடற்கரைக்குப் போவதற்குள் பாதிக் கதை காதில் விழுந்துவிட்டது. செத்துவிட்டான் என்று ஒருத்தி சொன்னாள். இல்லை, உயிர் திரும்பி வந்துவிட்டது என்று இன்னொருத்தி சொன்னாள். இரண்டு பேரும் சொன்னது உண்மைதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். தம்பி எங்கள் ஊரான உடப்பில் கரைவலை இழுக்கிறவன். அன்று காலை வலை கடலில் கிடக்கும்போது கரையிலேயே இதயம் நின்று விழுந்திருக்கிறான். மீன் எடுக்க வந்த லொறியின் டிரைவர் ஒரு சிங்களப் பெடியன், முன்பு இலங்கை ஆமியில் இருந்தவன். அவன்தான் சுற்றி நின்று கத்தியவர்களை விலக்கிவிட்டுத் தம்பியின் நெஞ்சை அமுக்கியிருக்கிறான். வேறொருவன் லொறியை ஓட்ட, இவன் பின்னால் மீன் பெட்டிகளுக்கு நடுவில் இருந்து அமுக்கிக்கொண்டே போயிருக்கிறான். பக்கத்து ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்து இதயத்தை மறுபடி ஓட வைத்தார்கள். அன்றைக்கே அங்கிருந்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அந்த டிரைவருக்கு நான் இன்னும் ஒரு நன்றி சொல்லவில்லை. சொல்வதா வேண்டாமா என்றே எனக்கு விளங்கவில்லை.

தம்பி ஒரு கிழமையாகவே நெஞ்சு பாரமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். வாய்வு என்றார்கள். இஞ்சியும் உள்ளியும் இடித்துக் குடித்தான். நானும் வாய்வு என்றுதான் நினைத்தேன், யார்தான் வேறு மாதிரி நினைத்தார்கள்? எங்கள் பக்கத்தில் ஆம்பிளைகளுக்கு வருகிற நெஞ்சு நோவெல்லாம் முதலில் வாய்வுதான். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி மட்டும் அவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ இண்டைக்குக் கயிறு இழுக்க வேணாம். பின்னால இருந்து கயித்தைச் சுத்து" என்று சொல்லியிருக்கிறார். சம்மாட்டி எங்களுக்கு ஒரு வழியில் மாமா முறை. அவர் நல்ல மனிதர், அது எனக்குத் தெரியும். பிறகு நான் அவரைக் கோபித்துக்கொண்டபோதும் அது தெரிந்துதான் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் மச்சாளும் சம்மாட்டியும் போனோம். மச்சாள் என்று நான் சொல்வது தம்பியின் பெண்சாதியை. அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்குக் கடையில் சாமான் வாங்கவும் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கவும் வேண்டிய சிங்களம்தான் தெரியும், சம்மாட்டிக்குத் தெரிந்தது மீன் விலை பேசும் சிங்களம். ஆகவே டொக்டருக்கும் குடும்பத்துக்கும் நடுவில் நான் நிற்கவேண்டி வந்தது. அவர்கள் சொல்வதை நான் இவர்களுக்குச் சொல்லவேண்டும், இவர்கள் சொல்வதை அவர்களுக்குச் சொல்லவேண்டும். ஒருவரும் என்னிடம் என் விருப்பத்தைக் கேட்கவில்லை.

டொக்டர் என்னைவிட வயதில் இளையவர். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு களைத்துப்போய் இருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, இவர் விழுந்து எவ்வளவு நேரத்தில் நெஞ்சை அமுக்கினார்கள் என்பது. நான் சம்மாட்டியிடம் கேட்டேன்.

"உடனே" என்றார் சம்மாட்டி. "கண்ட உடனே வலையைக் கூட விட்டுப்போட்டு ஓடினம். அவ்வளவு சனமும் பக்கத்திலதான் நிண்டது."

நான் அப்படியே சிங்களத்தில் சொன்னேன். டொக்டர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. மூளை இரத்தம் இல்லாமல் எவ்வளவு நேரம் இருந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்றும், கூட்டத்துக்கு நடுவில் விழுந்தவருக்கு, உடனே அமுக்கப்பட்டவருக்கு, நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றும் சொன்னார். பிறகு ஸ்கேன் படத்தைப் பற்றிச் சொன்னார். மூளைக்குள் இரத்தக் கசிவு இல்லை, வீக்கமும் இப்போதைக்குத் தெரியவில்லை. இப்போதைக்கு என்று அவர் சொன்னதை நானும் விடாமல் சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன். மச்சாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப மூளையில ஒண்டும் இல்லத்தானே?" என்று கேட்டாள். இப்போதைக்கு இல்லை என்றேன்.

அன்று பின்னேரம் சம்மாட்டி ஊருக்குத் திரும்பினார். அந்த "இப்போதைக்கு" மட்டும் வழியில் சிலாபம் பஸ் நிலையத்திலேயே இறங்கிக்கொண்டது போலிருக்கிறது. ஊருக்குப் போய்ச் சேர்ந்தது, படத்தில் ஒன்றுமே இல்லை என்ற கதைதான். அம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். வலைக்காரர்கள் எல்லோரும் தேங்காய் உடைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு சொந்தக்காரன் எனக்குப் போன் எடுத்து, "அக்கா, ஸ்கேன் கிளியர் எண்டா பயப்பட ஒண்டுமில்ல, நான் நெட்டில பார்த்தன்" என்று தைரியம் சொன்னான். அவன் அங்கே பெற்றோல் ஸ்டேஷனில் வேலை செய்கிறான். என் வாயில் வந்ததை நான் விழுங்கிக்கொண்டேன். மச்சாள் அடுத்த திருவிழாவுக்குத் தீ மிதிப்பதாக நேர்ந்துகொண்டாள். அந்தப் படத்தின் பிரதி ஒன்றை டொக்டரிடம் கேட்டு வாங்கச் சொல்லி என்னை நச்சரித்தாள். வாங்கிக் கொடுத்தேன். அதை அவள் தன் சேலைகளுக்கு நடுவில், மடங்காமல், பையில் வைத்துக்கொண்டாள்.

தம்பி குழாய்களோடு கிடந்தான். தூக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள், அதனால்தான் எழும்பவில்லை என்று எல்லோருக்கும் சொன்னோம். பிறகு தூக்க மருந்தை நிறுத்தினார்கள். அவன் எழும்பவில்லை. மருந்து உடம்பை விட்டுப் போக நேரம் எடுக்கும் என்றார்கள். அதற்கும் காத்திருந்தோம். மச்சாள் அவன் காதுக்குள் குனிந்து மகளைப் பற்றியும், வீட்டுக் கூரையில் ஓடு விலகி மழை ஒழுகுவதைப் பற்றியும், இரால் பண்ணைக்காரன் அவனைத் தேடி வந்ததைப் பற்றியும் கதைத்தாள். அழுது கூப்பிடவில்லை, வழக்கமாக வீட்டில் எப்படிக் கதைப்பாளோ அப்படித்தான் கதைத்தாள். ஒரு நேர்ஸ் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டாவது படம் எடுத்தது அதற்குப் பிறகு. இது வேறு இயந்திரம், எம்.ஆர்.ஐ. டொக்டர் எங்கள் மூன்று பேரையும் ஒரு சின்ன அறைக்குள் கூட்டிப்போய்க் கதிரைகளில் இருத்தினார். ஊரிலிருந்து சம்மாட்டி அன்று காலைதான் மறுபடி வந்திருந்தார். கம்பியூட்டரில் தம்பியின் மூளை தெரிந்தது. ஓரங்களெல்லாம் வெள்ளையாக மினுங்கின. நடுவில் இரண்டு பக்கத்திலும் இரண்டு வெள்ளைத் திட்டுகள்.

மச்சாள் எட்டிப் பார்த்தாள். "முதல் படத்தைவிட இது நல்ல வெளிச்சமா இருக்கே மச்சாள்" என்றாள்.

நான் அதை டொக்டருக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். அவர் மெதுவாக, நான் மொழிபெயர்க்க இடம் விட்டு விட்டு, சொன்னார். வெள்ளையாகத் தெரிகிற இடமெல்லாம் இரத்தம் கிடைக்காமல் கெட்டுப்போன இடம். முதல் படத்தில் அது தெரியாததற்குக் காரணம், அது விழுந்த அன்றைக்கே எடுத்த படம். மரத்திலிருந்து விழுந்த பழம் விழுந்த உடனே கறுக்காது, அடி உள்ளே இருக்கும், பிறகுதான் வெளியே தெரியும். அப்படித்தான் என்றார்.

நான் தமிழில் சொல்லி முடித்ததும் மச்சாள் கேட்டாள். "அப்ப எது சரியான படம்?"

"ரெண்டும் சரி" என்றேன். "முதல் படம் முந்திக்கிட்டு எடுத்தது."

டொக்டர் அதோடு விடவில்லை. தனக்கு ஒன்று பொருந்தவில்லை என்றார். உடனே அமுக்கியதாகச் சொன்னீர்கள். உடனே அமுக்கியவருக்கு மூளை இந்த அளவுக்குக் கெட்டிருப்பது அபூர்வம். இந்தப் படம் சொல்கிற நேரமும் நீங்கள் சொல்கிற நேரமும் ஒன்றாக இல்லை. அவர் விழுந்ததை யார் கண்டது?

யார் கண்டது என்று ஒருவரும் அதுவரை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவ்வளவு சனம் நின்ற இடத்தில் கேட்க என்ன இருக்கிறது? நான் சம்மாட்டியைப் பார்த்துக் கேட்டேன். "அவன் விழேக்க கண்டது ஆர்?"

"எல்லாரும்தான் நிண்டாங்க" என்றார்.

"நிண்டது சரி. கண்டது ஆர்?"

 

கரைவலை எப்படி இழுப்பார்கள் என்பதை இங்கே சொல்லவேண்டும். வலையை வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு பக்கத்துக் கயிற்றையும் கரையில் நின்று இரண்டு கூட்டமாக இழுப்பார்கள். எல்லோருக்கும் முகம் கடலைப் பார்த்துத்தான் இருக்கும். இழுத்துக்கொண்டே பின்னுக்கு நடந்து வருவார்கள். கடைசி ஆள் கயிற்றை விட்டுவிட்டு மறுபடி தண்ணீர் ஓரத்துக்குப் போய் முன்னால் பிடிப்பான். வலை தண்ணீரில் கிடக்கும்போது அதற்கு முதுகைக் காட்டக் கூடாது என்று எங்கள் கரையில் ஒரு வழக்கம். முதுகைக் காட்டினால் மீன் போய்விடும் என்பார்கள். இழுத்து வந்த கயிற்றைச் சுற்றி வைக்க ஒருவன் எல்லோருக்கும் பின்னால், மணல் மேட்டில், வாடிக் குடிசைப் பக்கமாக இருப்பான். அவன் எல்லோரையும் பார்க்கலாம். அவனை ஒருவரும் பார்ப்பதில்லை. இழுக்கிறவர்கள் அம்பாப் பாட்டுப் பாடுகிற சத்தத்தில் அவன் கூப்பிட்டாலும் கேட்காது.

தம்பி அங்கேதான் இருந்தான். நெஞ்சு பாரம் என்று சொன்னவனுக்கு இரக்கப்பட்டுச் சம்மாட்டி கொடுத்த இடம் அது.

"எப்பிடித்தான் தெரிஞ்சது அப்ப?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. வகுப்பில் களவு பிடிக்கிற குரல் அது.

சம்மாட்டி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கடைசியா நிண்டவனுக்குக் கால்ல கயிறு சிக்கிச்சு. சுத்தாமக் கிடந்துச்சு. அவன் ஏசுறதுக்குத்தான் திரும்பினான். அப்பதான் கண்டான்."

"எவ்வளவு கயிறு கிடந்துச்சு?"

அவர் கையை நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்துத் தன் முழங்காலுக்கு நேரே வைத்துக் காட்டினார். வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருந்தார். தன்னுடைய கை எங்கே நிற்கிறது என்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவரே பார்த்தார். ஈரக் கயிறு அந்த உயரத்துக்குக் குவிய எவ்வளவு நேரம் இழுக்கவேண்டும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். டொக்டருக்குத்தான் தெரியாது.

"உடனே எண்டுதான் நானும் நினைச்சன் புள்ள" என்றார் சம்மாட்டி. "சத்தியமா உடனேதான் ஓடினம்."

அவர் சொன்னது பொய் இல்லை. கண்டவுடன் ஓடினார்கள். கண்டதுதான் பிந்தியது. அவரை அறையவேண்டும் போல எனக்கு இருந்தது. பிறகு அந்தக் கடைசி ஆளை, அம்பா பாடியவர்களை, வாய்வு என்று சொன்ன அத்தனை பேரையும் அறையவேண்டும் போல இருந்தது. அந்த வரிசையில் நானும் நின்றேன். ஒருவரையும் அறைய முடியாமல், டொக்டரிடம் திரும்பி, "ஒருவரும் காணவில்லை. நிறைய நேரம் கிடந்திருக்கிறார்" என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் தலையாட்டினார். அவருக்கு அது முன்பே தெரியும். கரையில் நின்ற அத்தனை கண்ணும் காணாத ஒன்றை அந்த இயந்திரம் பிறகு வந்து கண்டிருந்தது. அதன்மேல் எனக்கு வந்த வெறுப்பைச் சொல்லி முடியாது.

மச்சாள் எதையும் கேட்காதவள் போல இருந்தாள். அறையை விட்டு வெளியே வந்ததும், "படம் பிழைக்காதா?" என்று மட்டும் கேட்டாள். டொக்டரிடம் திரும்பிப் போய் அதையும் கேட்டேன். படத்தை மட்டும் வைத்துத் தாங்கள் முடிவு சொல்வதில்லை என்றார். கண்மணிக்கு வெளிச்சம் அடித்துப் பார்க்கிறார்கள், தலையில் வயர்களை ஒட்டி மூளையின் ஓட்டத்தைப் பார்க்கிறார்கள், இன்னும் கொஞ்ச நாள் விட்டுப் பார்ப்பார்கள். எல்லாம் ஒரே பக்கம் கையைக் காட்டினால்தான் சொல்வார்கள். இப்போது எல்லாம் எந்தப் பக்கம் காட்டுகிறது என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரே பக்கம்தான் என்றார்.

பிறகு ஒரு காலையில் தம்பி கண்ணைத் திறந்தான்.

அந்தச் செய்தி எப்படி ஊருக்குப் போனதென்று எனக்குத் தெரியாது. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. பின்னேரத்துக்குள் ஒரு வான் நிறைய ஆட்கள் தோடம்பழமும் இளநீரும் கொண்டு வந்து இறங்கிவிட்டார்கள். "படம் கிடக்கட்டும், அவன் முழிச்சிட்டானே" என்று அந்தக் கடைசி ஆள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். கயிறு காலில் சிக்கியவன் அவன்தான். அவனிடம் நான் என்ன சொல்வது? கண் திறக்கும், அதை விழிப்பு என்று நினைக்கவேண்டாம் என்று டொக்டர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். மூளையின் அடிப்பகுதி தன்பாட்டில் கண்ணைத் திறக்கும், மூடும், மூச்சு விடும். ஆள் இருக்கிறாரா என்பது வேறு. நான் அதை வந்தவர்களுக்கு ஒருவர் விடாமல் சொன்னேன். டீச்சருக்கு எப்போதும் வாய் கொஞ்சம் கறுப்பு என்று யாரோ பின்னால் சொன்னது கேட்டது.

மச்சாள் மட்டும் அவர்களோடு சேர்ந்து அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. உள்ளே போய்க் கட்டிலின் ஒரு பக்கத்தில் நின்று அவன் முகத்துக்கு நேரே குனிந்தாள். அவன் கண் திறந்திருந்தது. அவள் மெதுவாகக் கட்டிலைச் சுற்றி மற்றப் பக்கத்துக்கு நடந்தாள். கண் அவள் நின்ற பழைய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பி நடந்து வந்தாள். மறுபடி போனாள். அடுத்த நாளும் அதைச் செய்தாள், அதற்கு அடுத்த நாளும். மகளின் பள்ளிக்கூடப் படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அவள் கேட்காமலே டொக்டர் ஒரு நாள் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, அவளைப் போலவே தானும் சுற்றி நடந்து பார்த்தார். நான் கதவடியில் நின்றேன். அன்று மொழிபெயர்க்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

மூச்சுக் குழாயை எடுத்துவிட்டு, கழுத்தில் துளை போட்டு, அவனைச் சாதாரண வாட்டுக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்கள். அதற்கு முன்னால் டொக்டர் எங்களைக் கட்டிலடிக்குக் கூப்பிட்டார். சம்மாட்டி வரவில்லை. இரண்டாவது படத்துக்குப் பிறகு அவர் ஊரை விட்டு வெளியே வருவதே குறைந்துவிட்டது. நானும் மச்சாளும்தான் நின்றோம். தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். முகம் மழித்திருந்தது. ஆஸ்பத்திரியில் அவனுக்கு நன்றாக முகம் மழித்துவிடுவார்கள், வீட்டில் அவன் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

டொக்டர் என்னைப் பார்த்துத்தான் தொடங்கினார். இவருடைய இதயம் பலவீனமாக இருக்கிறது, மறுபடியும் நிற்கலாம். நின்றால், முன்பு செய்தது போல, என்று சொல்லும்போது அவருக்குச் சொல் தடுமாறியிருக்கவேண்டும். இரண்டு கையையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, காற்றில் இரண்டு தரம் கீழே அமுக்கிக் காட்டினார். அப்படிச் செய்வதா என்று குடும்பத்திடம் கேட்கவேண்டியிருக்கிறது என்றார்.

நான் மச்சாளின் பக்கம் திரும்பினேன். இதை எந்தத் தமிழில் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தேன். எவ்வளவோ சொல்லியாகிவிட்டது, ஆனால் இதற்கு ஒரு சொல் வரவில்லை.

"எப்பா" என்றாள் அவள்.

வேண்டாம் என்பதற்கு அந்தச் சிங்களச் சொல் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸில் மிச்சக் காசு வேண்டாம் என்பதற்கும், கடையில் பை வேண்டாம் என்பதற்கும் அதைத்தான் சொல்வோம். அவள் அதை என்னைப் பாராமல் நேரே டொக்டரைப் பார்த்துச் சொன்னாள். அவர் கையை இறக்கிக்கொண்டார். அவள் தோளில் ஒரு தரம் தொட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றோம். மச்சாள் போர்வையை இழுத்து அவன் காலை மூடினாள். ஒரு பக்கம் சரியாக மூடவில்லை, மறுபடி இழுத்தாள். பிறகு திடீரென்று பயந்துபோனவளாக என் கையைப் பிடித்தாள். குரலை இறக்கி, அவனுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல, என் காதுக்குள் கேட்டாள்.

"மச்சாள், நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்குமா?"

இதற்கு டொக்டரிடம் ஓடிப்போய்க் கேட்க முடியாது. இது என்னிடம் கேட்ட கேள்வி. கேட்டிருக்கும் என்று சொன்னால் அவன் உள்ளே எங்கேயோ இருக்கிறான் என்று அர்த்தம். அப்படியென்றால் தன்னைக் கைவிட்ட சொல்லைத் தன் பெண்சாதியின் வாயால் கேட்டுக்கொண்டு கிடக்கிறான் என்று அர்த்தம். அதை அவள் ஆயுள் முழுக்கச் சுமப்பாள்.

"இல்ல மச்சாள்" என்றேன். "கேட்டிருக்காது."

அவள் கை தளர்ந்தது. அவளுக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது, முகத்தில் தெரிந்தது. எத்தனையோ நாளாக ஒவ்வொருவர் சொன்னதையும் மற்றவருக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்த நான், அன்றைக்குத்தான் என் சொந்த வாயால் ஒன்று சொன்னேன். தம்பி அதற்குப் பிறகும் ஐந்து மாதம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அவன் செத்தது அந்தக் கட்டிலடியில், நான் அதைச் சொன்னபோதுதான்.